யாரும் தொடாதீர்கள்

‘பளார்!’

உள் அறையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் பதறிப்போய் ஓடி வந்தாள். நல்லவேளை, யார் கன்னத்திலும் விழவில்லை. கணவர் மேஜையை அறைந்திருந்தார்.

“கொள்ளை! பட்டப்பகல்ல கொள்ளை!”

“என்னங்க ஆச்சு?”

“இந்த அநியாயத்தைப் பாரு. நேத்துச் செஞ்ச மிஷினுக்குத் தொண்ணூறு வயசாம்!”

போனில், கையால் சுற்றித் தைக்கும் பழைய தையல் மிஷின் ஒன்றின் படம். நானூறு பேர் இருக்கிற பழம்பொருள் ஏலக் குழு அது. நாலு மணிக்கு ஏலம் முடியும். அதற்குள் யார் பெரிய தொகை எழுதுகிறாரோ அவருக்குப் பொருள்.

அந்தக் குழுவில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெண்கலச் சிலை என்று நம்பி, சாயம் பூசிய இரும்பை ஏலத்தில் எடுத்து ஏமாந்தவர். அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இப்போதெல்லாம் அவர் ‘அசல்’ என்றால்தான் மற்றவர்கள் துணிந்து தொகை எழுதுவார்கள். ‘போலி’ என்றுவிட்டால் அதோடு சரி.

போனை வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தார்.

“ஏம்மா, திருகாணியெல்லாம் புதுசா மின்னுதே? யாரு காதுல பூ சுத்துறே?”

குழுவில் உடனே பதில் வந்தது. ஒரு பெண் குரல்.

“அண்ணா, நான் தையல்காரி. திருகாணி துருப்பிடிச்சிருச்சு, மாத்தினேன். படத்துக்குக் கீழயே எழுதியிருக்கேன் பாருங்க. இது என் மாமனார் மிஷின். இன்னிக்குக் காலைல வரைக்கும் இதுலதான் தச்சேன். பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. நாளைக்குள்ள மோட்டார் மிஷின் வாங்கிக் காட்டினாத்தான் எனக்குக் குடுப்பாங்களாம். இல்லேன்னா மனசு வந்து இதை விப்பேனா?”

“கதையெல்லாம் வேண்டாம். அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடு. பக்கத்துல இன்னிக்கு வந்த பேப்பர் இருக்கணும்!”

ரெண்டே நிமிஷம். அடிப்பக்கம் வந்தது. நம்பர் பதித்த தகடு வந்தது. பக்கத்திலேயே அன்றைய செய்தித்தாள். கூடவே குரலும்: “வீட்டுக்கே வாங்கண்ணா. தச்சுப் பார்த்து எடுத்துக்கங்க. முன்பணம்கூட வேண்டாம்.”

மனைவிக்குக் குழப்பமாக இருந்தது. அவர் குழுவுக்குச் சொல்லும் பாடம் அவளுக்கு மனப்பாடம். அடிப்பக்கத்தைக் காட்டாதவன் திருடன். நேரில் வராதே என்பவன் திருடன். முன்பணம் கேட்டால் பெரிய திருடன்.

“என்னங்க, நீங்க சொல்ற எல்லாத்துக்கும் அந்தப் பொண்ணு சரியாத்தானே...”

“உனக்கென்ன தெரியும்? கேட்ட உடனே எல்லாத்தையும் எடுத்து நீட்டுறா பாரு, அதுலயே தெரியலையா? தொழில்ல ஊறினவ!”

சொல்லிக்கொண்டே எழுதினார்: ‘போலி. யாரும் தொடாதீர்கள்.’

குழு கொதித்தது.

‘நல்லவேளை கண்ணாடியாரே, எழுதின தொகையை அழிச்சுட்டேன்.’

‘நானும். இதுங்களையெல்லாம் உள்ள தூக்கி வைக்கணும்.’

மறுபடி அந்தப் பெண் குரல். இந்தத் தடவை உடைந்திருந்தது. “அண்ணா, வயித்துல அடிக்காதீங்க. எது தப்புன்னு சொல்லுங்க, நான்...”

“நடிப்பைக் கேளு!” அவள் குரலைப் பாதியிலேயே நிறுத்தினார்.

சிலை வாங்கி ஏமாந்த பிறகு வீட்டில் பட்ட பாடெல்லாம் மனைவிக்கு ஞாபகம் வந்தது. “திருட்டுக் கூட்டம். நல்லா வேணும்” என்றாள் அவளும், பல்லைக் கடித்துக்கொண்டு.

மணி மூன்றே முக்கால்.

அவர் சட்டைப்பையிலிருந்து இன்னொரு போனை எடுத்து எதையோ தட்டினார். காலையிலிருந்து இல்லாத சிரிப்பு முகத்தில் வந்தது.

“அஞ்சு மணிக்கு வேன்காரனை வரச் சொல்லணும். மிஷினை ஏத்திட்டு வரணும்.”

“எந்த மிஷின்?”

“இதேதான். இந்த நம்பர்லேர்ந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கேன். அவளுக்கு அவசரம், குடுத்துடுவா.”

“போலின்னீங்களே?”

“அட மண்டு, அசலான அசல்! தகட்டு நம்பரைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. போலின்னாத்தானே மத்தவன் வரமாட்டான்? மூணு வருஷமா எதுக்குப் பேரைச் சேர்த்து வச்சேன்னு நினைச்சே?”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ‘நல்லா வேணும்’ என்று தன் வாயால் சொன்னது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். கூடவே பாட்டு வேறு!

குழு திறந்தபடியே அவருடைய போன் மேஜையில் கிடந்தது. எடுத்தாள். அவரைப் போலவே வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

“பூதக்கண்ணாடியோட சம்சாரம் பேசுறேன். அந்த மிஷின் அசல். கடைசியா அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிற பேர் இல்லாத நம்பர், இவரோடதுதான். தையல்காரம்மா, இந்த விலைக்குக் குடுத்துடாதீங்க. உங்களைத் திருடின்னு நானும் நினைச்சேன். மன்னிச்சிடுங்க.”

அனுப்பினாள். குழுவில் புதிதாக ஒரு தொகை விழுந்தது. அதன்மேல் இன்னொன்று. அதற்கும்மேல் ஒன்று. நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

“யாரு அது, இந்த நேரத்துல விடாம மெசேஜ் போடறது?” என்று குளியலறையிலிருந்து கேட்டார்.

“உங்களுக்குத்தான். நிதானமாக் குளிச்சிட்டு வாங்க.”

உள்ளே போய், ஆறிக் கிடந்த இஸ்திரிப் பெட்டியை மறுபடி சூடாக்கி, பாதியில் விட்ட சட்டையை விரித்துப் போட்டாள்.