தலையில் இல்லாத மூட்டை

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூட்டை தூக்குபவர் நடக்கிறார். தொடை வழியாகக் குழாய் விட்டு இதய வால்வில் கிளிப் போட்டாயிற்று; வால்வு ஒழுங்காக மூடுகிறது. நுரையீரல் ரத்தக்குழாயில் வருஷக்கணக்காக ஏறிப்போன அழுத்தம்தான் இறங்கவில்லை. வராந்தாவின் அந்தக் கோடிவரை நிற்காமல் நடந்தால்தான் குடோன் வேலையைப் பற்றிப் பேசவே முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. “கையை வீசி நடங்கண்ணே, தலையில மூட்டையா இருக்கு?” என்கிறாள் நர்ஸ். கழுத்து விறைத்தபடியே இருக்கிறது. பின்னால் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைக் கரகரவென்று இழுத்து வருகிறாள். பாதி வழியில் மூச்சு முட்டுகிறது. “உட்காருங்க,” என்கிறாள் மனைவி. “இரு, இறக்கிட்டு உட்கார்றேன்.” இரண்டு கைகளும் உச்சந்தலைக்குப் போகின்றன. வெறும் முடிதான் தட்டுப்படுகிறது. கைகளைக் கீழே போடாமல் அப்படியே நிற்கிறார்.