பலகையின் கடைசிப் பெயர்

கிறீச்சென்று ஒரு சத்தம். மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன. 'அக்பெகோ' என்ற பெயரின் முதல் எழுத்து அரைகுறையாகப் பலகையில் கிடந்தது.

"பார்த்தியா? வந்துட்டான்," என்றாள் ஜிக்போடி. "காத்துகூட நின்னு போச்சு பாரு."

தலைக்கு மேலே மின்விசிறி சோர்ந்து போய், பிறகு மெல்ல வேகம் பிடித்தது. எலிகெம் குனிந்து பலகையைப் பார்த்தான்.

எலிகெம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். சொந்த ஆசைக்காக முற்றத்துக் கொட்டகையில் அவனே கட்டி எழுப்பிய சிஎன்சி மெஷின் அது. கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தால் மரத்தில் அப்படியே செதுக்கிவிடும். கடலோடு போனவர்களுக்கு அன்லோகா கரையில் ஒரு பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என்று ஊரார் கேட்டபோது அவனால் மறுக்க முடியவில்லை.

போனவர்களில் ஒருவன் அதே ஊர்க்காரி ஜிக்போடியின் மகன் மாவுலி. படகை ஓட்டியவன் எலிகெமின் அக்கா புருஷன் அக்பெகோ. அலை சரியில்லை, வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தும் படகை இறக்கியவன் அவன்தான். பையன்களின் உடல்களைக் கடல் கரைக்குத் திருப்பித் தந்தது. அவனை மட்டும் தரவில்லை.

"புதைக்காத பொணம். அதான் அலையுது," என்றாள் ஜிக்போடி. "என் பிள்ளை பக்கத்துல நிக்க அவனுக்கு வெக்கமா இருக்கு போல."

"அம்மா, இது மெஷின். இதுக்கு வெக்கமும் தெரியாது, பேயும் தெரியாது."

"அப்ப எங்க பிள்ளைங்க பேரை எல்லாம் வெட்டிட்டு, அவன் பேர் வந்தா மட்டும் ஏன்பா நிக்குது?"

எலிகெம் பலகையைக் கழற்றினான். இரண்டாம் பலகையும் பாழ். இனிமேல் கழிவு மரத்தில்தான் சோதனை என்று முடிவு செய்தான்.

அக்கா செனாம் ஒரு தட்டில் கென்கே மாவுருண்டையும் பொரித்த மீனும் கொண்டுவந்து ஜிக்போடியின் கையில் கொடுத்தாள். பலகையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. வந்த சுவடு தெரியாமல் தன் அறைக்குத் திரும்பிவிட்டாள்.

"உங்கக்காவைப் பாரு, பாதியா இளைச்சுட்டா," என்றாள் ஜிக்போடி. "அவளுக்காகவாச்சும் இதைச் சீக்கிரம் முடி. அவன் மேல இருந்த கோவமெல்லாம் எனக்குப் போயிடுச்சுப்பா. அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே."

மோட்டாரை ஓட்டும் டிரைவ்கள் சூடாகிப் படுத்துவிடுகின்றனவோ என்று எலிகெம் முதலில் சந்தேகப்பட்டான். அவற்றுக்கென்று தனியாக ஒரு விசிறியை வைத்துவிட்டு, மெஷின் ஆறிய பிறகு கடைசிப் பெயரை மட்டும் வெட்டச் சொன்னான்.

வெட்டும் முனை மரத்தில் இறங்கியதும் ஜிக்போடி வழக்கம்போலக் குரலெடுத்தாள். ஒவ்வொரு பெயருக்கும், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் தெருமுனைவரை கேட்கக் கூப்பிடுவாள். "அக்பெகோ... வாடா அக்பெகோ..."

மெஷின் நின்றது. விசிறியும் சோர்ந்தது.

அடுத்தபடியாக இரண்டு டிரைவ்களை இடம் மாற்றிப் போட்டான். கோளாறு டிரைவில் என்றால் அதோடு கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டரில் சோதித்தான். எல்லாம் சரியாகவே இருந்தன.

"விட்டுடுப்பா," என்றாள் ஜிக்போடி, குரலைத் தாழ்த்தி. "அவன் வேணாங்கறான்."

ஒரு கணம் எலிகெமுக்கும் அப்படித்தான் தோன்றியது. அத்தானின் ஈரக் கை ஒன்று மெஷினைப் பிடித்து நிறுத்துவதுபோல் இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஒரு மோட்டார் மட்டும் நிற்கவில்லை, எல்லாமே ஒன்றாக நிற்கின்றன. இவ்வளவு நேரம் மெஷினையே குடைந்துகொண்டிருந்தானே தவிர, அதற்கு வரும் கரண்டைப் பார்க்கவே இல்லை.

மீட்டரின் முனைகளைக் கரண்ட் வரும் இடத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் ஓட்டினான்.

"அக்பெகோ..." என்று ஜிக்போடி குரல் கொடுத்தாள். மீட்டரில் எண் மளமளவென்று சரிந்தது. மோட்டார்கள் அடங்கின.

பேய் இல்லை. ஜிக்போடியின் குரல் கேட்டதும் இந்த வீட்டுக்குள்ளேயே யாரோ கரண்டை இழுக்கும் ஏதோ ஒரு பெரிய மின்சாமானைப் போடுகிறார்கள். கொட்டகைக்குக் கரண்ட் வருவது அக்காவின் அறை வழியாகத்தான்.

கதவைத் தள்ளினான். தரையில் மின் அடுப்பு செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. மேலே பாத்திரம் எதுவும் இல்லை. பக்கத்தில் செனாம் குந்தியிருந்தாள், சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல்.

"நீயாக்கா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எலிகெமுக்குக் கோபம் வரவில்லை. எதிரே உட்கார்ந்து அடுப்பை அணைத்தான். "எனக்குப் புரியுதுக்கா. பேரை வெட்டிட்டா அத்தான் நிஜமாவே போயிட்டதா ஆயிடும்னு நினைக்கிற. மனசைத் தேத்திக்கக்கா. அவர் இனிமே வர மாட்டார்."

"வர மாட்டார்தான்," என்றாள் செனாம்.

"என்னப்பா, சரியாயிடுச்சா?" கொட்டகையிலிருந்து ஜிக்போடியின் குரல் கேட்டது. "அவன் பேரையும் போட்டுடு, ராசா. என் பிள்ளை துணையில்லாம கிடக்கான்."

செனாம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். தம்பியின் காதருகே குனிந்தாள்.

"நேத்துகூடப் போன் பண்ணினார்டா."