பெயர் எழுத வேண்டாம்

முகாம் பற்றிப் பிள்ளைகள் எழுதிக்கொடுத்த கருத்துத் தாள்களில் இருபத்தாறாவதை அவள் இரண்டாம் முறை படித்தாள்.

'பேட்டரி தீந்துட்டா கவலை இல்லை. சுவத்து பிளக்குல ரெண்டு ஒயரையும் சொருகுவேன். பெருசா எரியும்.'

பச்சை ஸ்கெட்ச் பேனா. மூன்றாம் வகுப்போ, நான்காம் வகுப்போ.

முதல் முறை படித்தபோது இதற்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள். கற்றதை வீட்டில் செய்து பார்க்கும் ஆர்வத்துக்கு.

இப்போது அந்த மதிப்பெண்ணை அடித்தாள்.

அறிவியல் முகாம் நான்கு மணிக்கே முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு டப்பாவோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். டப்பாவில் ஒரு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, முனை சீவிய இரண்டு ஒயர்.

மணி ஐந்தேகால்.

தாளைத் திருப்பினாள். பெயர் இல்லை.

எப்படி இருக்கும்? முகாமை மதிப்பிட வந்தவளே அவள்தான். பெயர் கேட்டால் பிள்ளைகள் பயந்துகொண்டு நல்லதாகவே எழுதும், யாரும் பெயர் எழுத வேண்டாம் என்று கறாராகச் சொன்னதும் அவள்தான். பழக்கதோஷத்தில் எழுதிவிட்ட ஒருத்தியை ரப்பர் கொடுத்து அழிக்கவும் வைத்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

வருகைப் பதிவேட்டை இழுத்து, முதல் பெயரிலிருந்து ஃபோன் போட்டாள்.

"எம்மவனா? அவன் டப்பாவ பஸ்ஸுலயே தொலைச்சிட்டு வந்து நிக்கான்" என்று சிரித்தாள் ஒரு அம்மா.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரத்தில் இரண்டு முறை தப்பான எண்ணுக்குப் போட்டாள். ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பிள்ளை, இந்த நிமிஷம் சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது.

சாமி, அந்தப் பேட்டரி மட்டும் தீராமல் இருக்கட்டும்.

பதினான்காவது பெயர் சுபிக்ஷா. அவளுடைய அம்மா எடுத்தாள்.

"பாப்பா உள் ரூம்ல இருக்கா டீச்சர். வந்ததுலருந்து அந்த டப்பாவோடதான் கெடக்கா. பேட்டரி தீந்துபோச்சுன்னு ஒரே அழுகை. இப்பத்தான் சத்தத்தக் காணோம்."

"அக்கா, ஓடிப்போய் அத வாங்கிருங்க. சீக்கிரம் போங்க."

"ஏன் டீச்சர்... இருங்க, கரண்டு போயிருச்சு."

"தெரு முழுக்கவா?"

அந்த அம்மா ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இல்லியே. எதுத்த வீட்டுல டிவி ஓடுது."

ஃபோனை வைக்காமலே அந்த அம்மா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

திரும்பவும் கூப்பிட்டாள்.