கீழ்ப்பொந்துப் பல்லி

காரணம் சொல்லாமல் குடித்தனக்காரரைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது என்று காட்டில் புதுச் சட்டம் வந்தது. மேல்பொந்தில் பெண்டாட்டியோடு இருந்த மரங்கொத்தியாருக்கு அப்படியொரு எரிச்சல். கீழ்ப்பொந்தில் வாடகைக்கு இருந்த பல்லியிடம் போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு புளுகினார்.

"என் பையனுக்குக் கல்யாணம்ப்பா. பொந்து வேணும்."

"இச்சு இச்சு" என்றது பல்லி, பாவமாக.

மேலேயிருந்து பெண்டாட்டி தலையை நீட்டினாள். "பல்லியே சொல்லிடுச்சு, அப்ப நிஜம்தான்! நம்ம முட்டை ஒண்ணுகூடப் பொரியலையே, இது எந்த மரத்துப் பையன்யா?"

கேட்ட கையோடு மண்டையில் நாலு கொத்து கொத்தி, வெளியே தள்ளிவிட்டாள்.

வீங்கின தலையோடு மரங்கொத்தியார் கீழே இறங்கி வந்தார். "தம்பி, ரெண்டு நாள் இங்கே ஒண்டிக்கட்டுமா?"

பல்லி வாலை ஆட்டியது.

"தாராளமா. காரணம் மட்டும் சொல்லுங்க, ஓனர்."