அப்பா சொன்ன காரணம்

"அப்பா, அண்ணன் ஏன் இன்னும் பேச மாட்டேங்கிறான்?" என்று சிறுமியாக இருந்தபோது அக்சா கேட்டாள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் வேலையில் இருந்த நத்தானியேல் தன் கைகளைக் காட்டினார். "இந்தக் கையாலதான்மா. நான் கெமிக்கல்ல நின்னது, அவன் மூளையைப் பாதிச்சிடுச்சு."

அன்றிலிருந்து அக்சா அந்தக் கையைப் பிடித்ததே இல்லை. அம்மா ஜெயபுஷ்பமும் அவர் இறக்கும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் குத்திக்காட்டினாள்.

இப்போது அக்சா கர்ப்பமாக இருக்கிறாள். "குழந்தை உண்டானா, வேலூர்ல அண்ணனைப் பார்த்த டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை போய்ட்டு வா" என்று அப்பா கடைசியாகச் சொல்லியிருந்தார். போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"உனக்கு இல்ல, பயப்படாத. இது ஜீன்ல வர்றது. உங்கண்ணனுக்கு அம்மா வழியா வந்திருக்கு" என்றார் டாக்டர்.

"அப்போ அப்பாவோட கெமிக்கல்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அவருகிட்ட அப்பவே சொன்னேனே. 'பிள்ளையைச் சுமக்கிற என் சம்சாரம் இதையும் சுமக்க வேணாம், வீட்டுல நான் சொல்லிக்கிறேன்'னாரு."

வீட்டில் அம்மா, வளர்ந்த மகன் ஜோசுவாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க? எல்லாம் உங்கப்பன் வேலைதானே?"

அக்சா அண்ணனின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"ஆமாம்மா."

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் யாரும் இல்லை. அப்பாவின் கல்லறைமேல் கையை வைத்தாள். வெயில் ஏறி, கல் சுடத் தொடங்கிய பிறகும் எடுக்கவில்லை.