கடலுக்கு வழி காட்டிய கோட்

நாலாவது நாளாக அந்த ஒற்றை வரித் திருத்தம் கூட்ட அறைத் திரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை. எங்கள் மென்பொருள் லைப்ரரியின் கோட் அவற்றை முன்பின்னாக மாற்றிப் படிக்கிறது என்றாள் திருத்தத்தை அனுப்பியவள். அதை நம்பி ஓடும் ஆம்புலன்ஸ் செயலி அவள் பொறுப்பு.

மறுபார்வை செய்ய நாங்கள் ஐந்து பேர். இருபத்தேழு குறிப்புகள் எழுதியிருந்தோம்.

மாறிக்கு வைத்த பெயர் நீளம். அடைப்புக்குறிக்கு முன்னால் இடைவெளி இல்லை. விளக்க வரியின் கடைசியில் முற்றுப்புள்ளியைக் காணோம். முற்றுப்புள்ளிக்கு மட்டும் ஒரு முழு மத்தியானம் போனது.

"டெஸ்ட் எல்லாம் பாஸாகிப் பச்சையாத்தானேம்மா இருக்கு? ஓடுறதை எதுக்கு நோண்டுற?" என்றார் டீம் லீடர்.

"நேத்து ஒரே ஒரு வண்டியில செயலியைப் போட்டுப் பார்த்தோம் சார். நெஞ்சு வலின்னு கூப்பிட்டவர் வீட்டுக்குக் கடலுக்குள்ள வழி காட்டுது. டிரைவருக்கு அந்தத் தெரு தெரிஞ்சதால அவரு பொழைச்சாரு. இன்னிக்குச் சாயந்திரம் எல்லா வண்டிக்கும் போகுது."

ஒருவர் அதையும் பொறுப்பாகக் குறித்துக்கொண்டார்.

அவள் டெஸ்ட்டைத் திறந்தாள். சோதிக்கக் கொடுத்திருந்த இடம்: பத்து, பத்து.

திருப்பிப் போட்டாலும் பத்து, பத்து. பச்சை வராமல் வேறென்ன வரும்?

அதை அழித்துவிட்டு எங்கள் அலுவலக வாசலின் எண்களைப் போட்டாள். டெஸ்ட் சிவந்தது. வரைபடத்தில் எங்கள் அலுவலகம் நடுக்கடலில் போய் நின்றது.

லீடர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதை எழுதின புண்ணியவான் யாருப்பா?"

"அந்த ஆள் எப்பவோ வேலையை விட்டுப் போய்ட்டாரு சார்" என்று முந்திக்கொண்டேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் நான்தான்.

அவள் சிரிக்கவில்லை. திரையின் ஓரத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. அதைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். வேறு யாரும் படிப்பதற்குள் பக்கத்தை மேலே தள்ளிவிட்டாள்.

"அண்ணா, உங்க அப்ரூவல் ஒண்ணுதான் பாக்கி."

உடனே கொடுத்தேன்.

என்னுடைய பத்தொன்பது குறிப்புகளை வாபஸ் வாங்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.