இன்னும் ரெண்டடி பின்னால

“இன்னும் ரெண்டடி பின்னால போ அம்மணி. கால் கட் ஆகுது.”

கேமராவில் கண்ணை வைத்தபடி சொன்னான் கிருபாசங்கர். அவன் மனைவி மோகனப்பிரியா திரும்பிப் பார்த்தாள். சூலூருக்கு வெளியே, கைவிடப்பட்ட பாறைக்குழியின் விளிம்பு அவளுக்கு மூன்றடி பின்னால் இருந்தது.

“ஏனுங்க, விலை கம்மின்னாலும் இது ஜூம் லென்ஸ்தானுங்களே? வளையத்தைத் திருப்பினா நான் முழுசா வந்துருவேன்.”

“வாங்கி ஒரு வாரந்தான ஆச்சு? எனக்கு அதெல்லாம் இன்னும் பழகல. நீயே தள்ளி நில்லு, கண்ணு.”

அவள் ஓரடி நகர்ந்தாள். காலடியில் ஒரு கல் உருண்டது. அது தண்ணீரில் விழும் சத்தம் சிறிது நேரம் கழித்தே கேட்டது.

“அங்கெல்லாம் நிக்காத அம்மணி, மண்ணு சரிஞ்சுபோடும்!” ஆடுகளை ஓட்டிவந்த ஒருவர் கத்தினார்.

கிருபாசங்கரின் முகம் சுருங்கியது. “சரி, போலாம்” என்றான்.

காரில் அவள் கேமராவை வாங்கிப் படங்களைப் பார்த்தாள். அவளுடைய படங்கள் எல்லாம் முழங்காலோடு முடிந்திருந்தன. அதற்கு முந்தைய படத்தில் ஆளே இல்லை. அதே விளிம்பு, அதே இடத்திலிருந்து எடுத்தது. லென்ஸ் வளையத்தைத் திருப்பி எடுத்ததில், இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரை வரை முழுக் குழியும் கச்சிதமாக அடங்கியிருந்தது.

தேதி நேற்றையது. நேற்று முழுக்கத் திருப்பூரில் வேலை என்று சொல்லியிருந்தான்.

“நல்லா வந்திருக்கா?”

“ரொம்ப நல்லா வந்திருக்குங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட நிறுத்துங்க, தண்ணி வாங்கோணும்.”

கேமராவோடு இறங்கியவள், கிளம்பிக்கொண்டிருந்த தாராபுரம் பஸ்ஸில் ஏறினாள். அவள் அப்பா வீடு அங்கேதான் இருந்தது. சீட்டில் உட்கார்ந்ததும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்தாள்.